இடம் கிடைக்காத டாக்டர் மறுபடி எழுதும் கடிதம்

ஆம்பூரில் ஒரு வீடு. அப்பாவுக்குத் தோல் தொழிற்சாலையில் வேலை. மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவில் மேல் பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம், திங்கட்கிழமை. இரவில் பதில் வருகிறது.

"இடம் இல்லை!"

அம்மா அழுகிறாள். தேர்வுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். வருகிற செப்டம்பரில் மறுபடி மனுப் போடலாம். அப்போது பழைய கடிதத்தையே திரும்ப அனுப்பலாமா?

கூடாது!

என்ன கடிதம்?

நம் நாட்டில் மேல்படிப்புக்கு 'நீட்' தேர்வு மார்க்குதான் முக்கியம். அமெரிக்காவில் மார்க்கு மட்டும் போதாது. "நான் யார்? இந்தப் பிரிவை ஏன் கேட்கிறேன்?" என்று ஒரு பக்க அளவில் கடிதம் எழுத வேண்டும். பிறகு நேர்முகப் பேட்டி. அதன் பின் டாக்டர் தனக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்துவார். ஆஸ்பத்திரிகளும் டாக்டர்களை வரிசைப்படுத்தும். இரண்டு பட்டியலையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்க்கும். திங்கட்கிழமை "உண்டா, இல்லையா" தெரியும். வெள்ளிக்கிழமை எந்த ஊர் என்று தெரியும். இந்தப் பொருத்தம் பார்க்கும் ஏற்பாடு 1952-ம் ஆண்டு முதல் நடக்கிறது.

அண்மை ஆண்டுகளில், வெளிநாட்டில் படித்து இப்படி மனுப் போடும் வெளிநாட்டு டாக்டர்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 4 பேருக்கு இடம் கிடைப்பதில்லை. ஆகவே தோற்றவர் தனி ஆள் அல்ல. வெட்கப்படவும் ஒன்றும் இல்லை.

தாலுகா ஆபீசு வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். யார் வந்தாலும் முதல் நாலு வரி ஒன்றாகவே இருக்கும். டாக்டர்களின் கடிதமும் பெரும்பாலும் அப்படித்தான். "சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று தொடங்கும். ஆயிரம் பேர் அதையே எழுதினால், படிப்பவர் யாரை நினைவில் வைப்பார்?

மூன்று பேர் வந்த இரவு

ஏன் டாக்டர் ஆனேன் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1870-ம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயைக் கவனிக்க 1890-ல் திண்டிவனம் வந்தார். டாக்டராகும் எண்ணம் அவருக்குக் கிடையாது. தந்தைதான் டாக்டர்.

ஒரு நாள் இரவு ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்தார்கள். "என் அப்பாவை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா அமெரிக்கா சென்று 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். வேலூரில் ஆஸ்பத்திரி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். இன்றைய சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இந்தக் கதையில் "சேவை" என்று ஒரு சொல் வேண்டியிருக்கிறதா?

புதுக் கடிதத்தில் என்ன எழுதுவது?

நம் ஆம்பூர்ப் பெண்ணுக்கு வருவோம். இந்த ஓராண்டில் அவள் ஒரு சிறு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கையெல்லாம் அரிப்பும் வெடிப்புமாக ஒருவர் வருகிறார். பல இடங்களில் களிம்பு வாங்கிப் பூசியும் தீரவில்லை. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று இவள் கேட்கிறாள். தோல் பதனிடும் வேலை! குரோமிய உப்பு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது தொழிலாளியின் மகளுக்குத் தெரியாதா? கையுறை போட்டுக்கொண்டும் ஆறாமல் மறுபடி வருகிறார். வேலையை விட்டால் சாப்பாடு ஏது? அந்தக் கேள்விக்கு அவளிடம் மருந்து இல்லை.

நோயாளியின் பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிட்டு இதை எழுதலாம். சென்ற வருடம் இதை எழுதியிருக்க முடியாது.

இடம் கிடைக்காததை மறைக்கத் தேவையில்லை. ஒரு வரி போதும். புலம்பல் கூடாது. யார் மேலும் பழி போடக் கூடாது. பிறர் கடிதத்தைப் பார்த்து எழுதினால் விசாரணை வரும்! அப்பா எழுதித் தருவதும் வேண்டாம். பேட்டியில் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

இப்போதே ஒரு நோட்டு வாங்கி, பார்த்த நோயாளிகளைப் பற்றி இரவில் இரண்டு வரி எழுதி வையுங்கள். ஆகஸ்டு மாதம் உட்கார்ந்து பேனாவைக் கடிக்க வேண்டியிராது.