உங்களுக்குத் தெரியுமா? – அமெரிக்க டிபென்டென்ட் விசா

● எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர் கணவன் அல்லது மனைவியையும், 21 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளையும் எச்-4 விசாவில் அழைத்துக்கொள்ளலாம். அம்மா, அப்பாவுக்கு இதில் இடமில்லை. பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக பி-2 விசிட்டர் விசாவில்தான் போகிறார்கள்.

● எச்-4இல் இருப்பவர் தனியாக மாணவர் விசா எடுக்காமலே கல்லூரியில் சேரலாம். எஃப்-1 மாணவரின் துணைவர் பெறும் எஃப்-2 விசாவிலோ பகுதிநேரப் படிப்புக்குத்தான் அனுமதி. வேலைக்குப் போகவே கூடாது.

● எச்-4 துணைவர்களுக்கு வேலைக் கதவு திறந்தது 2015 மே 26 முதல். அதுவும் எல்லோருக்கும் அல்ல. எச்-1பிக்காரருக்குக் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) கேட்டு நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது கிரீன் கார்டு நடைமுறை நிலுவையில் இருப்பதால் அவருடைய எச்-1பி ஆறு ஆண்டுகளைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். ஈஏடி என்னும் வேலை அனுமதி அட்டை கிடைக்கும் முன் ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது.

● நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகி எல்-1இல் போனவரின் துணைவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ஐ-94 என்னும் வருகைப் பதிவில் ‘எல்-2எஸ்’ என்றிருந்தால் அதுவே வேலை அனுமதிக்குச் சான்று.

● பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால் எச்-4 முடிந்துவிடும். கைக்குழந்தையாகப் போய் அங்கேயே வளர்ந்திருந்தாலும் எஃப்-1 போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டும். கிரீன் கார்டுக்கு வயதைக் கணக்கிடும்போது, ஐ-140 மனு பரிசீலனையில் இருந்த நாட்களை 2002ஆம் ஆண்டுச் சட்டம் கழித்துக்கொள்கிறது. விசா எண்ணுக்காக வரிசையில் காத்திருக்கும் ஆண்டுகளைக் கழிப்பதில்லை. இந்தியக் குடும்பங்களை வாட்டுவது இதுதான்.

● எச்-1பிக்காரரின் வேலை போனால் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். குடும்பத்துக்கும் அதே 60 நாள்தான்.

● எவ்வளவு நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா அல்ல, ஐ-94. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால், விமான நிலையத்தில் அந்தத் தேதியோடு ஐ-94ஐயும் முடித்துவிடுவது உண்டு. குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் குறைவு என்பதால் அப்பாவுக்கு ஒரு தேதி, குழந்தைக்கு வேறு தேதி என்று அமைந்துவிடும். அங்கிருந்தபடியே எச்-1பியை நிறுவனம் நீட்டித்தாலும் எச்-4 தானாக நீளாது. ஐ-539 படிவத்தைத் தனியே போட வேண்டும். ஒவ்வொரு முறை அமெரிக்காவில் இறங்கியதும் வீட்டில் உள்ள எல்லோருடைய ஐ-94ஐயும் இணையத்தில் எடுத்துத் தேதியைச் சரிபாருங்கள்.