பழைய டர்போ கார்: விலை ஒன்று, செலவு வேறு

ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. மல்டிஜெட் டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியது. 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. இன்றும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அவற்றுக்குக் கிராக்கி உண்டு. வாங்குபவர்கள் மைலேஜைக் கேட்கிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், இன்சூரன்ஸ் தேதியைப் பார்க்கிறார்கள். பானெட்டுக்குள், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ ஒன்று இருக்கிறது என்பது பலருக்கு நினைவில்கூட இருப்பதில்லை.

டர்போவின் உள்ளே சுண்டுவிரலைவிட மெல்லிய தண்டு ஒன்று நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதன் ஒரு முனையில் எஞ்சினிலிருந்து வெளியேறும் கொதிக்கும் புகை, மறுமுனையில் உள்ளே இழுக்கப்படும் காற்று. பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். 10,000 கி.மீ.யில் மாற்ற வேண்டிய ஆயிலை 20,000 வரை இழுத்தால் அது கறுத்துக் குழம்பாகிறது. நெடுஞ்சாலையில் மிதித்து ஓட்டிவந்து, ஹோட்டல் வாசலில் சட்டென்று எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. தேங்கிய ஆயில் கரியாக இறுகி, சன்னமான குழாயை அடைத்துக்கொள்ளும். பழைய டர்போ கார் வாங்குபவர் முந்தைய உரிமையாளரின் ஆயில் மாற்றும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

பிக்கப் இல்லை, கரும்புகை தள்ளுகிறது என்றதும் “டர்போ போச்சு” என்று சொல்லிவிடுவது பல ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கமாகிவிட்டது. அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கிழிந்த ஹோஸ், வெடித்த வாக்குவம் குழாய், டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் இறுகிப்போவது ஆகியவையும் இதே அறிகுறியைத்தான் காட்டும். அவற்றைச் சரிசெய்வது சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. டர்போவே போயிருந்தால், சிறிய கார்களில் கோர் எனப்படும் சுழலும் உள்பகுதியை மட்டும் மாற்ற ஏறத்தாழ 10,000 முதல் 20,000 ரூபாய், புதிது போட 25,000 முதல் 50,000 ரூபாய் ஆகலாம். சொகுசு கார்களில் லட்சத்தைத் தாண்டும். மாற்றும்போது ஆயில் குழாயையும் இன்டர்கூலரையும் சுத்தம் செய்யாவிட்டால் புது டர்போவும் சீக்கிரமே போய்விடும். அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சின் இன்னொரு பாடம். அதில் ஒரு பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பெல்ட் சிதைந்தால் ரப்பர் துகள்கள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்து, டர்போவோடு எஞ்சினையும் கொண்டுபோய்விடும். ஆயில் பம்ப்பை இயக்கும் பெல்ட்டின் டென்ஷனர் பழுதுக்காக 2023 இறுதியில் அமெரிக்காவில் ஏறக்குறைய 1.4 லட்சம் ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த ஈகோஸ்போர்ட்டுகள் சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாராகி ஏற்றுமதியானவை. இந்த எஞ்சினுள்ள வண்டியை வாங்குகிறவர், எந்தத் தர ஆயில் ஊற்றப்பட்டது என்ற பில்லைக் கேட்டே ஆக வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பானெட் ஏற்கெனவே சுட்டால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடலாம். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. முடுக்கும்போது ஊளையிடுவது போன்ற சத்தம் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினால் லேசான ஆயில் பிசுக்கு இருப்பது இயல்பு. ஒழுகும் அளவுக்குத் தேங்கியிருந்தால் விலகிவிடுவதே நல்லது. டீசல் வண்டியில் அந்த ஆயிலே எரிபொருளாகி, சாவியைத் திருப்பினாலும் அணையாமல் எஞ்சின் வெறித்தனமாக ஓடக்கூடும். மேனுவல் வண்டியானால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை விட்டு அணைக்க வேண்டியிருக்கும்.

இனி சட்டம். 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். படிவம் 29பி என்ற அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். டீலர் குறையை மறைத்தோ பொய் சொல்லியோ விற்றிருந்தால், சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புகார் செய்யலாம். கோவையில் வாங்கி மதுரையில் வசிப்பவர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு.

தனிநபரிடம் வாங்கினால் இந்த வழி பொதுவாக அடைபடுகிறது. மிஞ்சுவது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் சிவில் கோர்ட்டும். மீட்டரைத் திருப்பி ஏமாற்றியது தெளிவானால் போலீசிலும் புகார் தரலாம். கேட்காத கேள்விக்கு விற்பவர் மௌனமாக இருந்தால், சட்டம் அதைப் பொதுவாக மோசடியாகக் கொள்வதில்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால் கொள்ளும். எனவே “டர்போ மாற்றியதுண்டா? எஞ்சின் பிரித்ததுண்டா? ஓடிய கிலோமீட்டர் உண்மையா?” என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். டோக்கன் அட்வான்ஸ் தருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்று நம்பியிருப்பவர்கள் நிறையப் பேர். சாதாரண பாலிசி விபத்துச் சேதத்துக்கானது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் சேராது. டீலர் தரும் வாரண்டியிலும் “டர்போ” என்ற சொல் எந்தப் பட்டியலில் வருகிறது என்று படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும்.

வாங்கிய சில வாரங்களில் பழுதானால், அவசரப்பட்டு வண்டியைப் பிரிக்கக் கூடாது. முதலில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காரணத்தையும் செலவையும் எழுத்தில் வாங்க வேண்டும். அதன் நகலுடன் டீலருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பலாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம், பிறகு ஆணையத்துக்குப் போகலாம். கழற்றிய பழைய டர்போவை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவராமல் கேட்டு வாங்கிவர வேண்டும். ஆணையம் நிபுணர் பரிசோதனைக்கு உத்தரவிட்டால் அங்கே காட்டப்போவது அந்த இரும்பைத்தான்.