நெடுந்தூரச் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1891ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஒரு சைக்கிள் போட்டி நடந்தது. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் சென்று திரும்ப வேண்டும். ஏறத்தாழ 1,200 கி.மீ. தூரம். ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடங்களில் முதலாவதாக வந்தார். அவருடைய வண்டியில் மிஷ்லின் நிறுவனத்தார் புதிதாகச் செய்த, கழற்றி மாட்டக்கூடிய காற்று டயர்கள் இருந்தன. அதே பெயரில் இன்றும் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நெடும்பயணம் நடைபெறுகிறது. அதிகபட்சம் 90 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும்.

இத்தகைய பயணத்திற்காக லட்சக்கணக்கில் விலையுள்ள சைக்கிள் வாங்க முற்படுபவர், "எடை எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பார். ஆனால் பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு உடல் கேட்கும் கேள்விகள் வேறு.

உடலுக்கேற்ற சட்டம்

பந்தயச் சைக்கிளில் ஓட்டுபவர் நன்கு குனிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமதரையில் வேகமாகச் செல்லும்போது காற்றுதான் பெருந்தடை. குனிந்தால் அது குறையும். ஆனால் உடல் எடையைச் சீட்டும் பெடல்களும் ஹேண்டில்பாரும் பகிர்ந்து தாங்குகின்றன அல்லவா? ஹேண்டில்பார் மிகத் தாழ்வாகவோ தொலைவிலோ இருந்தால் கைகளின் பங்கு கூடிவிடும். உள்ளங்கை ஓரமாகச் செல்லும் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். கழுத்தும் வலிக்கும்.

எனவே இரண்டு அளவுகளைப் பாருங்கள். பெடல் அச்சிலிருந்து சட்டத்தின் முன்கழுத்து உச்சி வரையுள்ள உயரம் 'ஸ்டாக்'; கிடைத்தூரம் 'ரீச்'. நெடுந்தூர வண்டியில் முன்னது சற்றுக் கூடுதலாகவும், பின்னது சற்றுக் குறைவாகவும் இருக்கும். 54, 56 என்னும் எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

சீட் மெத்தென்று இருந்தால் போதும் என்பதும் சரியன்று. இடுப்பின் இரு எலும்பு முனைகளையும் தாங்கும் அகலம் வேண்டும். மிக மென்மையான சீட்டில் எலும்பு புதைந்து, நடுவிலுள்ள தசையும் நரம்பும் நசுங்கும்.

காற்றே மெத்தை

வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்போம். பின்சக்கரம் சுமார் 45 கிலோவைத் தாங்கும். டயரில் சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தம் இருந்தால், அது தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 6.4 சதுர செ.மீ.; 5 கிலோ இருந்தால் 9 சதுர செ.மீ. அழுத்தம் குறைந்த டயர் சிறு கற்களின்மேல் வளைந்து கொடுக்கும். அழுத்தம் மிகுந்த டயரோ ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப்போடும்; அந்த அதிர்வில் உங்கள் ஆற்றலே வீணாகும்.

23 மி.மீ. டயரில் அழுத்தத்தைக் குறைத்தால் பள்ளத்தில் விளிம்பு இடித்து டியூப் கிழியக்கூடும். 30 அல்லது 32 மி.மீ. டயரில் அந்த அச்சம் குறைவு. ஆகவே, சட்டத்தில் அகன்ற டயருக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் இதற்கு வசதி உண்டு.

மேடு ஏற உதவும் கியர்

முன்னும் பின்னும் 34 பற்கள் என்றால், பெடல் ஒரு முறை சுற்ற, வண்டி சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 60 சுற்றில் மணிக்கு 7.5 கி.மீ. வேகம். முன்னால் 39, பின்னால் 25 என்றாலோ, அதே சுற்றுக்கு ஏறத்தாழ 12 கி.மீ. வேகத்தில் ஏறியாக வேண்டும்; ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் தேவை. களைத்த முழங்கால் இதைத் தாங்குமா?

கார்பன் கட்டாயமா?

கார்பன் இழைச் சட்டம் இலேசானது, உறுதியானது. 1986இல் கிரெக் லெமான்ட் அத்தகைய வண்டியில்தான் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். ஆயினும் மொத்தம் 80 கிலோவில் ஒரு கிலோ குறைவது 1.25 விழுக்காடே. முக்கோணங்களால் ஆன சட்டம், எஃகாயினும் கார்பனாயினும், மேலும் கீழுமாக மிகச் சிறிதே வளையும். டயர் அதைவிடப் பன்மடங்கு வளையும்.

ஆகவே முதலில் உடலுக்குப் பொருந்தும் அளவு, அடுத்து டயர், பின்பு கியர், கடைசியில் எடை என்ற வரிசையில் பாருங்கள். கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதாது. வாங்குமுன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். விலைச்சீட்டு சொல்லாததை உங்கள் கையும் கழுத்தும் சொல்லிவிடும்.