பத்து வருஷக் கம்ப்யூட்டரைப் பரணில் ஏத்திடாதீங்க!



"ஸ்விட்சைப் போட்டுட்டு காபி கலந்து குடிச்சுட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு!" பழைய கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் இந்தப் புலம்பல் கேட்காத நாளே கிடையாது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2016-ல் வாங்கியது. மகளின் கல்லூரிப் பாடம், கரண்ட் பில், பேங்க் வேலை எல்லாமே அதில்தான். போன வருஷம் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்குச் செலவு பண்றது தண்டம்மா, புதுசு வாங்கிடுங்க" என்றுவிட்டார். கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. புதுசுக்கு எங்கே போவது?

ஓரகத்தி மகன்தான் கைகொடுத்தான். "சித்தி, முதல்ல எது மெதுவா இருக்குன்னு பார்ப்போம்" என்று கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தினான். டாஸ்க் மேனேஜர் திறந்தது. ப்ராசஸர் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது.

அவன் சொன்ன விளக்கம் எனக்குச் சமையலறைக் கணக்காகவே புரிந்தது. ராம் என்பது அடுப்பு மேடை. ஹார்ட் டிஸ்க் என்பது ஸ்டோர் ரூம். மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றி, முள் நகர்ந்துதான் எதையும் எடுக்கும். அந்த ஓட்டத்தில்தான் நேரம் போகிறது.

காசு செலவில்லாத வேலையை முதலில் முடித்தோம். அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், ஆன் செய்ததும் தானாக எழுந்து உட்காரும் புரோகிராம்கள் பட்டியலாக இருக்கும். எங்களுடையதில் பதினாலு! தேவையில்லாததை 'டிஸேபிள்' செய்தாலே பாதி பாரம் குறையும். பெயர் புரியாததில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆன்டி வைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு காவல்காரர்கள் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் வேகம் போகும். கொஞ்சம் இடம் காலியாக இருக்கட்டும்.

அடுத்து தூசி. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், காலையில் துடைத்தால் மாலையில் கோலம் போடலாம்! ஃபேனில் தூசி அடைத்துச் சூடு ஏறினால், ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால் போதும். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. லேப்டாப் என்றால் மெத்தை மேலும் தலையணை மேலும் வைக்காதீர்கள், காற்றுத் துளை மூடிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஓரளவுதான் தேறியது. கடைசியில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டோம். இதில் சுற்றும் தட்டே கிடையாது. பெருங்குடி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவில் வாங்கி வந்தோம். பழைய ராமையும் கழற்றிக் கையோடு கொண்டு போனோம். டி.டி.ஆர். 3-க்கு 4 பொருந்தாது. 4 ஜி.பி.யை 8 ஆக்கினோம். ஆக மொத்தம் புதுசு வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்போது காபி டபராவை அடுப்பு மேடையில் வைப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. டிஸ்க் மாற்றுவதற்கு முன் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுக்க மறக்க வேண்டாம்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய ப்ராசஸர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டரில் பேங்க் வேலை செய்வது வம்பு. அதற்காகப் பெட்டியையே தூக்கிப் போட வேண்டுமா என்ன? லினக்ஸ் இலவசம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழிலேயே வேலை செய்யலாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்தே வந்தது. அப்படி ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் தூங்கினால் எழுப்பிப் பாருங்களேன்.

நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம், எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பல பத்தாண்டுகளாகக் கொட்டியது. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பழைய சர்க்யூட் போர்டில் ஈயம் உண்டு, பழைய மானிட்டரில் ஈயமோ பாதரசமோ உண்டு. அவை மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகலாமா? மின்னணுக் கழிவுக்கென்று தனிச் சட்ட விதிகளே 2012-ல் அமலுக்கு வந்துவிட்டன. உண்மையிலேயே உபயோகமில்லை என்றால் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். காயலான் கடைக்கு எடைக்குப் போட வேண்டாம்.

அப்படிக் கொடுக்கும்போதும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாஸ்வேர்டும் குடும்பப் படங்களும் அதற்குள் இருக்கும். எங்களுடையதை ஒரு யு.எஸ்.பி. உறைக்குள் போட்டு, கல்யாணப் போட்டோக்களின் இரண்டாவது பிரதிக்கு வைத்திருக்கிறோம்.

— ஒரு வாசகி, பெருங்குடி, சென்னை.