எஞ்சின் சுவரின் இருபுறமும்

தடித்த காகிதக் கிண்ணத்தில் நீர் நிரப்பிச் சுடரின்மீது பிடித்தால், காகிதம் கருகுமுன் நீர் கொதித்துவிடும். சுடர் தரும் வெப்பத்தை நீர் உடனுக்குடன் கவர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். வகுப்பறையில் ஆசிரியர்கள் எளிதில் செய்து காட்டத்தக்க சோதனை இது. திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில், திரவ உந்து அமைப்புகள் மையம் உருவாக்கிய சி.இ.-20 என்னும் கிரையோஜெனிக் எஞ்சினைக் காப்பதும் இதே தத்துவந்தான்.

2017 ஜூன் 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. மார்க்-3 ராக்கெட்டில் முதன்முதலாகப் பறந்த இவ்வெஞ்சினில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எரிகின்றன. எரியறை வாயுவின் வெப்பநிலை ஏறத்தாழ 3,000 பாகை சென்டிகிரேடு. அதைத் தாங்கும் உட்சுவரோ செப்புக் கலவையாலானது. செம்பு 1,085 பாகையிலேயே உருகிவிடும்! சுவரின் மறுபுறத்துக் குறுகிய கால்வாய்களில் ஹைட்ரஜன் பாய்ந்து வெப்பத்தை ஏற்கிறது. பின்னர் எரியறையுட் புகுந்து தானே எரிபொருளாகிறது. தொட்டியில் அது சுழியத்துக்குக் கீழ் 253 பாகையில் இருந்ததாகும்.

இத்தகைய அமைப்பைக் கணிப்பொறியில் ஆராய்வோர் மூன்று களங்களை வகுத்தல் வேண்டும். சூடான வாயு ஒரு பாய்பொருட் களம், ஹைட்ரஜன் மற்றொன்று, இடையிலுள்ள உலோகம் திண்பொருட் களம். பாய்பொருளில் ஓட்டம், அழுத்தம், வெப்பம் ஆகிய அனைத்தையும் கணக்கிட வேண்டும். உலோகத்தில் ஓட்டமில்லை, வெப்பக் கடத்தல் ஒன்றே உண்டு. சுவரின் வெப்பநிலை இன்னதென முன்னதாகவே எழுதிவிட்டால் வேலை எளிதாகும். ஆனால், கண்டறிய வேண்டிய விடையைக் கேள்வியிலேயே எழுதிவிட்டதாகவும் ஆகும். வெப்பத் தாக்குதல் மிக்க கழுத்துப் பகுதியில் சுவர் எவ்வளவு சூடேறும் என்பதன்றோ நாம் அறிய விரும்புவது?

ஆகவே, களங்கள் கூடும் எல்லையில் இரண்டு நிபந்தனைகளே விதிக்கப்படும்: இருபுறமும் வெப்பநிலை ஒன்றாதல் வேண்டும், ஒரு களம் விடும் வெப்பம் முழுவதையும் அடுத்தது பெறுதல் வேண்டும். சுவரையொட்டிய பாய்பொருளில் வெப்பநிலை மிகச் சிறு தொலைவுக்குள் வெகுவாக மாறுமாதலால், அங்கே கணக்கீட்டுக் கட்டங்கள் மெல்லியனவாக இருத்தல் அவசியம். சூடேற ஏற ஹைட்ரஜனின் அடர்த்தியும் பெரிதும் மாறுவதால், அதற்கு ஒரே எண்ணைப் பதித்தல் தகாது.

தொடக்கப் பயிற்சியாளர் செய்யும் பிழை ஒன்று உண்டு. களங்களை அடுத்தடுத்து வரைந்துவிட்டு, எல்லையை இணைக்க மறந்துவிடுவர். அப்போது பல நிரல்கள் அவ்வெல்லையை வெப்பம் புகாத சுவராகக் கருதிவிடும். கணிப்பொறி முறையிடுவதில்லை, அழகிய வண்ணப்படத்துடன் தவறான விடையைத் தந்துவிடும். இப்பிழையை நாட்கணக்குப் பார்ப்பதுபோல் வரவு செலவு பார்த்துப் பிடிக்கலாம். வாயு இழந்த வெப்பத்தையும், கால்வாயில் ஹைட்ரஜன் பெற்ற வெப்பத்தையும் தனித்தனியே கூட்டி ஒப்பிட வேண்டும். வெளிச்சுவர் வழியே வெப்பம் கசியாதெனக் கொண்டால், கணக்கு நிலைபெற்றபின் இரண்டும் ஒத்திருக்கும். ஒவ்வாவிடில், வண்ணப்படத்தை ஒதுக்கிவிட்டு எல்லைகளை மீண்டும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதுதான்.