பழைய பிரிண்டரும் கடைக் கணக்கும்

பழையது என்பதற்காக ஒன்றை வீசிவிடுவது வியாபாரிக்கு அழகல்ல. நானோ அதைத்தான் செய்யவிருந்தேன்.

வீட்டில் மூன்று கணனிகள். என்னுடையது விண்டோஸ் 11, மகனுடையது லினக்ஸ், பழைய கடைக் கணக்குகள் கிடப்பது எக்ஸ்பியில். எங்கள் பழைய லேசர் பிரிண்டருக்கு என் கணனியில் ட்ரைவர் இல்லை. புதிதொன்று வாங்கப் புறப்பட்டேன்.

"பொறுங்க வாப்பா" என்ற மகன், அதனைத் தன் லினக்ஸ் கணனியில் பொருத்தினான். அதிலுள்ள 'கப்ஸ்' என்ற இலவச மென்பொருள் பிரிண்டரை வீட்டு வலையமைப்பில் பகிர்ந்தது. இப்போது என் கணனியிலிருந்தே பற்றுச்சீட்டு அச்சாகிறது. கோப்புகளைப் பகிர 'சம்பா'வை அமைத்தான். அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிஜெல் ஆரம்பித்தது, அதுவும் இலவசமே.

எக்ஸ்பியையும் இணைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டான். அதற்கு எஸ்எம்பி 1 என்ற பழைய முறையைத் திறக்க வேண்டுமாம். 2017 மே மாதம் 'வன்னாக்ரை' பரவியது அந்த முறையிலிருந்த ஓட்டை வழியாகத்தான். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரித்தானிய வைத்தியசாலைகளே தடுமாறின.

கணக்கு பூட்டப்பட்டால் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை எங்கே தேடுவது? பழைய கணக்குகளை யூஎஸ்பியில் பிரதிசெய்து, வைரஸ் சோதித்து, சம்பாவில் கடவுச்சொல்லுடன் வைத்தோம். இன்னொரு பிரதி அலுமாரியில். எக்ஸ்பி இனித் தனியே.

பழைய பொருளைப் பாவியுங்கள்; பழைய ஓட்டையை அடைத்துவிடுங்கள்.