மேடையில் பெயர் சொல்லப்படாத ஆஸ்கர்: தெரியுமா?

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தின் திரைக்கதைக்கு 1958-ல் ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் எழுதிய இருவரின் பெயரையும் மேடையில் யாருமே சொல்லவில்லை, தெரியுமா? விருது போனது மூல நாவலை பிரெஞ்சில் எழுதிய பியர் பூலுக்கு!

உண்மையில் எழுதியவர்கள் மைக்கேல் வில்சனும் கார்ல் ஃபோர்மனும். இருவரும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில், அதாவது கம்யூனிஸ்ட் சந்தேகத்தால் வேலை மறுக்கப்பட்டோர் பட்டியலில், இருந்தவர்கள். ஃபோர்மன் இங்கிலாந்துக்குப் போனார், வில்சன் பிரான்ஸுக்கு. இரண்டாம் உலகப் போரின்போது நம் மலாயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்த சயாம் மரண ரயில்பாதைதான் அவர்கள் எழுதிய படத்தின் கதைக்களம். படம் பிடித்ததோ இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில்!

வில்சன் செய்த குற்றம்தான் என்ன? 1951-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு, கம்யூனிஸ்டா என்று துருவியபோது பதில் சொல்ல மறுத்தார். அவ்வளவுதான். அடுத்த ஆண்டே ‘எ பிளேஸ் இன் தி சன்’ படத்துக்காக ஆஸ்கர் அவர் கைக்கு வந்தது. விருது கொடுத்த ஊரில் வேலை கொடுக்க ஆளில்லை! நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது.

இன்னும் கேளுங்கள். அவர் முன்பே எழுதிவைத்த ‘ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்’ 1956-ல் திரைக்கதை ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளியானது. எழுத்து ஆஸ்கர் பரிந்துரைக்குத் தேறியது. எழுதியவர் மட்டும் தகுதியற்றவராம்! விசாரணைக்குப் பணியாதவர்களுக்கு விருது கிடையாது என்று ஆஸ்கர் வழங்கும் அகாதமி புதிதாக விதி போட்டிருந்தது. அதே படம் 1957-ல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதை வென்றது.

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’விலும் வில்சனின் உழைப்பு உண்டு என்பது தெரியுமா? 1962-ல் படம் வந்தபோது திரையில் அவர் பெயர் இல்லை. அந்தத் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையில் அகாதமி அவர் பெயரைச் சேர்த்தது 1995-ல்தான்.

எல்லாவற்றையும் மிஞ்சும் ஆச்சரியம் ஒன்று. 1964-ல் வில்சன் நாடு திரும்பினார். 1968-ல் வெளியான ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தின் திரைக்கதையை ராட் செர்லிங்குடன் பகிர்ந்து, சொந்தப் பெயரிலேயே எழுதினார். அதன் மூல நாவலாசிரியர் யார் தெரியுமா? அதே பியர் பூல்!

க்வாய் ஆஸ்கர் உரியவர்களின் வீட்டுக்கு 1985-ல் போய்ச் சேர்ந்தது. வில்சன் 1978-லும் ஃபோர்மன் 1984-லும் காலமாகியிருந்தார்கள். விருதை வாங்கிக்கொண்டவர்கள் அவர்களுடைய மனைவியர்.